தொட்டியில் எந்த இடம் காலி? ஒரு கலப்பு ரீஃப் தொட்டிக்குப் புதிய மீன்கள் தேர்ந்த நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட, பவளங்களும் கடல்மீன்களும் சேர்ந்து வாழும் ரீஃப் தொட்டி 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 50 செ.மீ. உயரம் கொண்டது. கணக்குப்படி அது 360 லிட்டர் கொள்ள வேண்டும். பாறையும் மணலும் அடைத்துக்கொண்ட இடத்தையும் மேல்விளிம்பில் விட்ட இடைவெளியையும் கழித்துவிட்டால், மீன்கள் உண்மையில் நீந்தும் நீர் 300 லிட்டரைத் தாண்டாது. கீழே உள்ள துணைத் தொட்டியில் (சம்ப்) நீரின் கழிவை நுரையாகப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மரும், கீட்டோமார்ஃபா பாசியும் சிற்றுயிர்களும் வளரும் ரெஃப்யூஜியம் என்னும் சிறிய அறையும் இருக்கின்றன. தொட்டி ஓடத் தொடங்கி இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. பாறையின் உச்சியில் அக்ரோபோரா, மான்டிபோரா பவளங்களும், நடுமட்டத்தில் ஹேமர் கோரலும் ஸோவாக்களும் ஒரு லெதர் கோரலும், மணலில் ஒரு ட்ராக்கிஃபில்லியா பவளமும், பாறை இடுக்கில் ஒரு ட்ரைடாக்னா சிப்பியும் வளர்கின்றன. அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் கடினப்பவளம் (எஸ்.பி.எஸ்.), ஹேமர் கோரல் போன்ற பெரும் பாலிப் கடினப்பவளம் (எல்.பி.எஸ்.), லெதர் கோரல் போன்ற மென்பவளம் ஆகிய மூன்று வகையும் ஒரே நீரைப் பகிர்ந்துகொள்ளும் இத்தகைய தொட்டியில் மீன் தேர்வு கடினமாவதற்குக் காரணம் எளிது: வரும் மீன் மூன்றில் இரண்டைச் சீண்டாமல் விட்டு மூன்றாவதை மட்டும் கொறித்தாலும், அது வேண்டாத மீன்தான்.

ஏற்கெனவே இருந்த மீன்கள் ஐந்து. ஓசெல்லாரிஸ் கோமாளி மீன் இணை ஒன்று இடப்பக்க ஹேமர் கோரலைத் தன் வீடாக எடுத்துக்கொண்டு, அதைச் சுற்றி ஒரு கையகலத்துக்கு யாரையும் அண்டவிடாமல் இருந்தது. சுமார் 12 செ.மீ. நீளமுள்ள ஒரு யெல்லோ டாங் முழுத் தொட்டியையும் தன்னுடையதாகக் கருதிச் சுற்றிவந்தது. ராயல் கிராமா ஒன்று நடுப்பாறையின் அடியிலுள்ள குகையில் தலைகீழாகத் தொங்கியபடி வாழ்ந்தது. பாசி மேயும் லான்மோவர் ப்ளென்னி ஒன்று பாறைமேல் உட்காரும் மேடைகளை வைத்திருந்தது. இவற்றுடன் ஒரு கிளீனர் இறாலும் சில நத்தைகளும் இருந்தன. பார்ப்பதற்குத் தொட்டியின் வலப்பக்கமும் திறந்த நடுநீரும் வெறுமையாக இருந்தன. உரிமையாளரின் குறையும் அதுவே.

அவர் தந்த விருப்பப் பட்டியலில் ரீகல் டாங், ஃப்ளேம் ஏஞ்சல், காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீன், சிக்ஸ்லைன் ராஸ், ஆர்க்கிட் டாட்டிபேக், மாண்டரின், மணலைச் சுத்தம் செய்ய ஒரு டயமண்ட் கோபி, நடுநீரை நிறைக்க ஆந்தியாஸ் கூட்டம் அல்லது பச்சைக் குரோமிஸ் கூட்டம் ஆகியவை இருந்தன. கடைகளில் தொங்கும் பொருத்த அட்டவணையில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பச்சைக் கட்டமோ மஞ்சள் கட்டமோதான் கிடைக்கும். அட்டவணை இனத்தோடு இனத்தை ஒப்பிடுகிறது. நம் தொட்டிக்கு வருவதோ ஒரு தனி மீன், அது வந்து சேர்வதோ ஏற்கெனவே பங்கு பிரிக்கப்பட்ட ஓர் இடம். எனவே பட்டியலை ஒதுக்கிவைத்து, எந்த உறங்குமிடம், எந்த நீர்மட்டம், எந்த உணவு இன்னும் யாருக்கும் சொந்தமாகவில்லை என்பதை முதலில் பார்த்தோம். திறந்த நடுநீர், வலப்பக்கத் தொங்குபாறையின் நிழல், மணல்தரை, பாறையில் ஊரும் நுண்ணுயிர் உணவு ஆகிய நான்கும் காலி என்பது தெரிந்தது. குகைகளும் பாசி மேய்ச்சலும் நிரம்பிவிட்டன.

நீக்கப்பட்டவை

ரீகல் டாங்கை நீக்க அதிக நேரம் ஆகவில்லை. அது 30 செ.மீ. வரை வளரும், நீண்ட தூரம் விரைந்து நீந்தும் மீன். நான்கடித் தொட்டி அதற்குப் போதாது. கடையில் நாணய அளவில் இருக்கும்போது அது எல்லோருக்கும் பொருத்தமாகவே தெரியும். ஆர்க்கிட் டாட்டிபேக்கும் அப்படியே விரைவில் விழுந்தது. அதன் நிறம், உடல்வடிவம், குகை வாழ்க்கை மூன்றும் ராயல் கிராமாவோடு ஒத்துப்போவதால் இரண்டும் ஒரே வாசலுக்குச் சண்டையிடும்.

ஃப்ளேம் ஏஞ்சல்தான் நீண்ட விவாதத்துக்கு உரியதாக இருந்தது. சென்ட்ரோபைகி வகைக் குள்ள ஏஞ்சல்கள் பாறையில் படியும் பாசியையும் சிதைபொருளையும் நாள் முழுதும் கொத்திக்கொண்டே இருப்பவை. அந்தக் கொத்தல் பவளத்தின் பக்கம் திரும்புமா என்பது மீனுக்கு மீன் மாறுகிறது. ஒன்று ஆண்டுக்கணக்கில் எதையும் தொடாமல் இருக்கும், மற்றொன்று வந்த வாரமே ஸோவாக்களை மூடவைத்துவிடும். எஸ்.பி.எஸ். மட்டுமே உள்ள தொட்டியில் இந்தச் சூதாட்டத்தை ஆடலாம் என்றே நினைக்கிறேன். இங்கே சதைப்பற்றுள்ள ட்ராக்கிஃபில்லியாவும், விளிம்புத் திசுவை விரித்துவைத்திருக்கும் ட்ரைடாக்னா சிப்பியும் இருக்கின்றன. குள்ள ஏஞ்சல்கள் மிகவும் விரும்பிக் கொறிப்பவை இவைதாம். மேலும், பழக்கம் தவறிப்போன ஏஞ்சலைப் பிடிப்பது கைவலையால் ஆகிற காரியமல்ல. பொறி வைத்துக் காத்திருக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் பவளங்கள் ஒட்டி வளர்ந்த பாறைகளைப் பிரிக்க வேண்டியிருக்கும். வெளியே எடுப்பது எவ்வளவு கடினம் என்ற கேள்வியை வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. ஃப்ளேம் ஏஞ்சலுக்கு அதற்கான விடை நமக்குப் பிடித்ததாக இல்லை.

காப்பர்பேண்டை உரிமையாளர் கேட்டதற்குக் காரணம் பாறையில் ஆங்காங்கே முளைத்திருந்த ஐப்டேசியா என்னும் வேண்டாத சிறு கடல் அனிமனி. அந்த மீன் ஐப்டேசியாவைத் தின்னக்கூடியதுதான். ஆனால் ஒவ்வொரு காப்பர்பேண்டும் தின்னும் என்பதற்கு உறுதியில்லை. புதிதாக வரும் பல காப்பர்பேண்டுகள் உறையுணவை ஏற்காமல் மெலிந்தே இறக்கின்றன. குழாய்ப்புழுக்களை அது காலி செய்துவிடும், சிப்பியையும் சீண்டலாம். இவற்றுக்கெல்லாம் மேலாக, தட்டையான வட்ட உடல் கொண்ட எந்தப் புது மீனையும் யெல்லோ டாங் போட்டியாளனாகவே பார்க்கும். ஒரு பூச்சியை ஒழிக்க ஒரு மீனை வாங்குவது பெரும்பாலும் தவறான கணக்கு என்பது என் கருத்து. ஐப்டேசியாவை மட்டுமே தின்று வாழும் பெர்கியா கடல் நத்தைகளை விடுவதென்று முடிவாயிற்று.

சிக்ஸ்லைன் ராஸ் தனியே பார்த்தால் பவளத்தைத் தொடாத, நோய் தாங்கும், அழகான மீன். அதன் சிக்கல் காலப்போக்கில் வெளிப்படுவது. குடியேறிச் சில மாதங்களில் பாறையின் ஒவ்வொரு பொந்தையும் தன்னுடையதாக்கிக்கொண்டு, அதற்குப் பிறகு வரும் சிறிய, அமைதியான மீன்களை, குறிப்பாக மற்ற ராஸ்களை, ஓயாமல் விரட்டும். அதோடு, அது நாள் முழுதும் பாறையிலிருந்து பொறுக்கித் தின்னும் கோப்பெபாட் என்னும் நுண் ஓட்டுயிரிகள்தாம் மாண்டரினின் உயிர்நாடி. ஆகவே சிக்ஸ்லைனுக்குச் சம்மதம் சொல்வது மாண்டரினுக்கும், பின்னர் நடுநீருக்குத் தேர்வான ஃபேரி ராஸுக்கும் மறுப்புச் சொல்வதாகவே முடியும். உரிமையாளருக்கு இதை விளக்கியபோது, ஒரே பட்டியலில் அவர் எழுதியிருந்த இரண்டு மீன்கள் ஒன்றையொன்று ரத்து செய்பவை என்பது அவருக்கே வியப்பாக இருந்தது.

டயமண்ட் கோபி மணலை வாயால் அள்ளி, செவுள்வழி சலித்து, சற்று மேலே நீந்திச் சென்று உதிர்க்கும். உதிரும் மணல் ட்ராக்கிஃபில்லியாவின் மேல் படிந்து திசுவை அழுகச் செய்யும். மணலிலுள்ள சிற்றுயிர்கள் தீர்ந்தபின் இந்த அளவுத் தொட்டியில் அந்த மீனும் பட்டினி கிடக்கும். பச்சைக் குரோமிஸ் கூட்டம் தொட்டியில் ஒன்றையொன்று விரட்டி, பலவீனமானது ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒன்றிரண்டாக நின்றுவிடுவது பலரும் கண்ட அனுபவம். ஆந்தியாஸ் நடுநீருக்கு மிகவும் ஏற்ற மீன். ஓர் ஆணும் பல பெண்களுமாக வாழும், ஆண் இறந்தால் மூத்த பெண்ணே ஆணாக மாறிக்கொள்ளும். ஆனால் அலையில் மிதந்துவரும் உணவை நாள் முழுதும் தின்று பழகிய அவற்றுக்கு ஒரு நாளில் மூன்று முறையாவது உணவு வேண்டும். உரிமையாளர் பகல் முழுதும் வேலையில் இருப்பவர், உணவு தருவது மாலையில் ஒரு முறை. அவர் எப்படியோ சமாளித்து மும்மடங்கு உணவு போட்டாலும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறி, உச்சியிலுள்ள அக்ரோபோரா பழுப்பாகத் தொடங்கும். வளர்ப்பவரின் நேர அட்டவணையும் பொருத்தத்தில் ஒரு பகுதிதான். இதை எந்த அட்டவணையும் கேட்பதில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்டவை

நடுநீருக்கு ஒரே ஓர் ஆண் ஃபேரி ராஸ் தேர்வாயிற்று. சிர்ரிலாப்ரஸ் பேரினத்தில் பெரிதாக வளர்ந்து முரட்டுத்தனம் காட்டுபவையும் உள்ளன. ஆதலால் 7 அல்லது 8 செ.மீ. அளவிலேயே நிற்கும் ரூப்ரிவென்ட்ராலிஸ் இனம் எடுக்கப்பட்டது. இது மிதவை உணவைக் கொத்தும் மீன் என்பதால் பாறையிலுள்ள கோப்பெபாட்களுக்கு அதிகம் போட்டியில்லை. பவளத்தையும் இறாலையும் தொடாது. இரவில் பாறை இடுக்கில் தன்னைச் சுற்றிச் சளியுறை ஒன்றைப் பின்னிக்கொண்டு உறங்குவதால் மணல்படுகையும் தேவையில்லை. அதன் ஒரே கெட்ட பழக்கம் குதிப்பது. வாங்குவதற்கு முன்பே தொட்டியின் மேல் நுண்கண் வலைமூடி பொருத்தப்பட்டது. கம்பிகள் நுழையும் மூலை இடைவெளியும் விடாமல் அடைக்கப்பட்டது. மூடியில் ஓர் ஓட்டை விட்டாலும் ராஸ் அதன்வழியே குதித்து இறக்கக்கூடும்.

தொங்குபாறையின் நிழலுக்குப் பங்காய் கார்டினல் இணை ஒன்று. இந்தோனேசியாவின் சுலவேசியை ஒட்டிய பங்காய் தீவுகளுக்கே உரிய இந்த மீன், மீன்காட்சி வணிகத்துக்காக அதிகமாகப் பிடிக்கப்பட்டதால் 2007இல் அழியும் நிலையிலுள்ள இனமாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் (ஐ.யு.சி.என்.) பட்டியலில் சேர்க்கப்பட்டது. தொட்டியில் எளிதாக இனப்பெருக்கம் செய்வது. முட்டைகளை ஆண் மீன் வாயில் அடைகாக்கும். எனவே கடலில் பிடித்ததை வாங்க எந்தக் காரணமும் இல்லை. பிடித்துவந்த மீன்களில் இரிடோவைரஸ் நோய் பரவலாகக் காணப்படுவது, வளர்ப்பு மீனையே நாடுவதற்கு இன்னொரு காரணம். இரண்டு மீன்களைக் கண்ணால் பார்த்து ஆண், பெண் என்று பிரிப்பது அரிது. இரண்டு ஆண்கள் ஒன்றுசேர்ந்தால் ஒன்றுதான் மிஞ்சும். ஆகையால், ஒரு கூட்டமாக வளர்ந்து அதிலிருந்து தாமாகவே ஒதுங்கி ஒன்றாக நீந்திய இரண்டு மீன்களை உரிமையாளர் வளர்ப்பாளரிடமிருந்து கேட்டு வாங்கினார்.

மணல்தரைக்கு 5 அல்லது 6 செ.மீ.க்கு மேல் வளராத யாஷா கோபியும், அதனுடன் ஒரே வளையில் வாழும் ராண்டால் பிஸ்டல் இறாலும். கண்பார்வை குறைந்த இறால் தோண்டிக்கொண்டே இருக்கும். கோபி வளைவாயிலில் காவல் நிற்கும். இறாலின் உணர்கொம்பு ஒன்று எப்போதும் கோபியின் வாலைத் தொட்டுக்கொண்டிருக்கும். கோபி வாலை விதிர்த்தால் இறால் உள்ளே போய்விடும். இந்தக் கோபி தன் வளைக்கு எதிரே மிதந்துவரும் உணவைப் பிடிக்கும் மீன், மணல் சலிப்பதல்ல. ஆனால் இறால் பாறையின் அடியில் தோண்டுவதால், பாறைகள் மணல்மேல் இல்லாமல் தொட்டியின் அடித்தளத்தில் நேரடியாக அமர்ந்திருப்பதைக் கையை விட்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒரு பாறை மட்டும் மணல்மேல் நின்றது. அது இறக்கி வைக்கப்பட்டது.

மாண்டரினுக்கு ஒப்புதல் கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு. விளக்குகள் அணைந்து இரண்டு மணி நேரம் கழித்துக் கண்ணாடியில் டார்ச் ஒளியைச் சாய்த்துப் பார்த்தால், வெள்ளைத் தூசுகள் போலத் தெரிபவை விட்டுவிட்டு நகர வேண்டும், அவையே கோப்பெபாட்கள். ஐப்டேசியாவைப் பார்க்கும் சாக்கில் இதையும் பல இரவுகள் பார்த்ததில் கண்ணாடியிலும் ரெஃப்யூஜியத்திலும் அவை நெருக்கமாக இருந்தன. அப்படியிருந்தும், உறையுணவு தின்னப் பழக்கப்பட்ட மீனைத்தான் வாங்குவது என்றும், மற்ற எல்லா மீன்களும் அமைந்த பிறகே அதை விடுவது என்றும் வைத்துக்கொண்டோம்.

தனிமைத் தொட்டி

ரீஃப் தொட்டிக்குள் கடல் வெண்புள்ளி நோய் நுழைந்துவிட்டால் அங்கேயே மருந்திட வழியில்லை. மீனைக் காக்கும் தாமிரம் பவளத்தையும் இறாலையும் நத்தையையும் கொல்லும். இந்நோயைத் தரும் கிரிப்டோகாரியான் ஒட்டுண்ணி மீனின் தோலில் சில நாள்கள் இருந்து, பிறகு உதிர்ந்து, பாறையிலும் மணலிலும் கூடுகட்டி, அதிலிருந்து நூற்றுக்கணக்கான நீந்தும் உயிரிகளாக வெளிப்படும். கூட்டுக்குள் அது பல வாரம் காத்திருக்கக்கூடியது என்பதால், நோய்ப்பட்ட ரீஃப் தொட்டியை 76 நாள்கள் மீனே இல்லாமல் வைப்பது வழக்கமாகிவிட்டது. இந்தத் தொட்டியில் அப்படிச் செய்வதென்றால் பழைய மீன்கள் ஐந்தையும் பிடித்து வெளியே வைக்க வேண்டும். புது மீனைச் சில வாரம் தனியே வைக்கும் சிரமம் அதன்முன் ஒன்றுமில்லை.

தனிமைத் தொட்டியில் மணலோ பாறையோ வைக்கவில்லை, அவை தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும், ஒளிந்துகொள்ள பி.வி.சி. குழாய்த் துண்டுகளும், பழைய தொட்டியின் நீரில் ஊறவைத்து நுண்ணுயிர் ஏற்றிய ஸ்பஞ்சு ஃபில்டரும் மட்டும். கடைகள் பலவும் மீன் தொட்டிகளை 1.018 முதல் 1.020 வரையிலான குறைந்த உப்படர்த்தியில் வைப்பதால், தனிமைத் தொட்டியின் நீர் பையிலிருந்த அளவுக்கே முதலில் ஒப்பாக்கப்பட்டு, பிறகு நாளுக்குச் சிறிதாக 1.025க்கு ஏற்றப்பட்டது. இப்படிச் செய்வதில் இன்னொரு நன்மை உண்டு. நெடுந்தூரம் வந்த பையில் மீனின் கழிவால் அமோனியா சேர்ந்திருக்கும்; மீன் வெளியிடும் கார்பன் டைஆக்சைடால் பி.எச். தாழ்ந்திருப்பதால் அதன் நச்சு அடங்கியிருக்கும். பையைத் திறந்ததும் பி.எச். ஏறி அதே அமோனியா நஞ்சாகிறது. அந்தப் பைநீரில் மணிக்கணக்காகச் சொட்டுச் சொட்டாகக் கலக்கும் பழைய முறையை நான் பரிந்துரைப்பதில்லை; வெப்பம் ஒத்துப்போனதும் மீனை எடுத்து விட்டுவிடலாம்.

ராஸ், கார்டினல், கோபி மூன்றுக்கும் தாமிரம் சில நாள்களில் மெல்ல ஏற்றப்பட்டு, மருந்தின் சிட்டையில் சொன்ன அளவில் தினமும் சோதித்து நிறுத்தப்பட்டது. மாண்டரினுக்குச் செதில் இல்லை, தடித்த சளிப்படலம் உண்டு. வெண்புள்ளி அதைப் பற்றுவது குறைவு, தாமிரத்தையோ அது தாங்குவது கடினம். ஆகவே மருந்தில்லாமல் தனியே வைத்துக் கவனிக்கப்பட்டது.

அறிமுகம்

யாஷா கோபியும் இறாலும் முதலில் ஒரு குழாய்வழியாகப் பாறையோரத்தில் இறக்கப்பட்டன. அடுத்து கார்டினல் இணை, துளையிட்ட தெளிந்த அக்ரிலிக் பெட்டியில் வலப்பக்கத்தில் தொங்கவிடப்பட்டது. யெல்லோ டாங் பெட்டிக்கு அருகே வந்து, முதுகுத்துடுப்பை முழுதும் விறைத்து, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, வால் அடியிலுள்ள கத்திபோன்ற வெள்ளை முள் பெட்டியின் பக்கம் இருக்கும்படி வாலை வீசியது. சில நாள்களில் அது பெட்டியைக் கடந்துபோகும்போது துடுப்பை விறைக்காமலே போகத் தொடங்கியது. பெட்டியைத் திறக்கும் நாளை முடிவுசெய்யும் அறிகுறி அதுதான். எத்தனை நாள் என்று முன்கூட்டியே நிர்ணயிப்பதில் பயனில்லை.

எதிர்பார்த்த எதிரி டாங். உண்மையில் தொல்லை தந்தது பெண் கோமாளி மீன். விடுபட்ட கார்டினல்கள் தொங்குபாறைக்குப் போகாமல் ஹேமர் கோரலின் எதிரே நீரில் அசையாமல் நின்றன. அது அவற்றின் இயல்பு. நீண்ட முட்களுள்ள கடல் முள்ளெலியின் இடையிலும் கடல் அனிமனி அருகிலும் அடைக்கலம் தேடும் மீன் அது, நீளமான விரல்போன்ற பவளத்தைக் கண்டால் அங்கேதான் போகும். கோமாளி மீன் திரும்பத் திரும்பத் துரத்தி ஒன்றின் வால்துடுப்பைக் கிழித்தது. அலைப்பம்பின் திசை சற்றுத் திருப்பப்பட்டு, இடப்பக்கத்தில் ஓட்டம் கூடி, வலப்பக்க நிழலில் தணிந்ததும், ஓட்டத்தை விரும்பாத கார்டினல்கள் தாமாகவே இடம் மாறின. ஃபேரி ராஸ் பெட்டியிலிருந்து வந்தபோது டாங் ஒருமுறை விரட்டியதோடு நிறுத்திக்கொண்டது. மாண்டரினை எவரும் கண்டுகொள்ளவில்லை. அதன் சளியின் கெட்ட சுவையே அதற்குக் காவல்.

இறால் மட்டும் தன் இடத்தைத் தானே தேர்ந்து, ட்ராக்கிஃபில்லியாவுக்கு அடியில் இரண்டாம் வாசலைத் திறந்தது. பவளத்தின் ஒரு விளிம்பு மணலில் புதைந்து சுருங்கியது. பவளத்தைத் தட்டையான கல்லொன்றில் உயர்த்தி வைத்ததும் விளிம்பு மீண்டும் விரிந்தது.

இப்போதைய நிலை

தொட்டியில் பத்து மீன்கள் இருக்கின்றன. இதற்குமேல் ஒன்றும் சேர்ப்பதில்லை என்பது உரிமையாளருக்குத் தெரிவிக்கப்பட்டுள்ளது. யெல்லோ டாங் 20 செ.மீ. வரை வளரக்கூடியது, அந்த இடம் இப்போதே அதற்கு ஒதுக்கப்பட்டதாகக் கருத வேண்டும். மாலையில் ஒரு முறை என்றிருந்த உணவு இரண்டாகப் பிரித்து, அதே அளவில் காலையிலும் மாலையிலும் தரப்படுகிறது. நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்.க்குள் நிற்கிறது, அக்ரோபோராவின் நிறம் மாறவில்லை. சிப்பியின் திசு பகல் முழுதும் விரிந்திருக்கிறது.

ஆண் கார்டினல் சில நாள்களாக உணவை மறுத்து, தாடை புடைத்துத் தெரிந்தபோது உரிமையாளர் நோய் என்று அஞ்சினார். அது வாயில் முட்டை வைத்திருந்தது, அடைகாக்கும் காலத்தில் உண்ணாமல் இருப்பது இயல்பே. உண்மையில் கண்காணிக்க வேண்டியது மாண்டரினைத்தான். அதன் வயிற்றை வாரம் ஒருமுறை பக்கவாட்டிலிருந்து பார்த்து, முன்துடுப்புக்குப் பின்னால் குழி விழுகிறதா என்று குறித்துவைக்கிறார். இதுவரை விழவில்லை. விழத் தொடங்கினால் ரெஃப்யூஜியத்தில் புதிய கோப்பெபாட் வளர்ப்பு ஊற்றப்படும்; அதற்குப் பிறகும் தேறாவிட்டால் மாண்டரினைத் தனித் தொட்டிக்கு மாற்றி உறையுணவில் தேற்றுவது என்று முடிவாகியுள்ளது.